மறையாக்கம்: என்கிரிப்ஷனுக்கு உரிய தமிழ்ச்சொல்

பெங்களூரில் சர்வர் வேலை பார்க்கும் தமிழர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் ‘என்கிரிப்ஷன்’. சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பதுதான் அது. ‘டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணியாச்சா’, ‘ஓபன்எஸ்எஸ்எல் பேட்ச் போட்டாச்சா’ என்ற பேச்சு ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் சாதாரணமாகக் காதில் விழும். (ஓபன்எஸ்எஸ்எல் என்பது சர்வர்களில் இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்.) பேச்சில் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் புதிதாக வந்தவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுக்கும்போது பலரும் ‘குறியாக்கம்’ என்று போட்டுவிடுகிறோம். அந்த இடத்துக்கு அது பொருந்தாது. ‘மறையாக்கம்’ என்றே எழுத வேண்டும்.

குறியாக்கம் என்ற சொல்லுக்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. டிஸ்கி, டாப், டாம், யூனிகோடு என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றித் தமிழைக் கணினியில் ஏற்றிய தலைமுறை, அவற்றை ‘எழுத்துக் குறியாக்கம்’ என்றுதான் சொல்லிவந்தது. ‘அ’ என்ற எழுத்துக்கு யூனிகோடில் 0பி85 என்று ஓர் எண் தந்திருக்கிறார்கள். யாரிடமிருந்தும் ஒளிக்க அல்ல, எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கத்தான். பேருந்தின் கன்னடப் பலகையை ஒரு தமிழரால் படிக்க முடியாமல் போகலாம். அதனால் அந்தப் பேருந்து போகும் இடம் ரகசியம் ஆகிவிடாது.

இந்த வேறுபாடு வேலையில் எங்கே உதைக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் சர்வரைக் கைமாற்றும்போது கொடுத்த குறிப்பில், ‘டேட்டாபேஸ் கடவுச்சொல் குறியாக்கம் செய்து வைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. சேலத்திலிருந்து வந்திருந்த தம்பி, “அண்ணா, அது என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு, பயமில்லை” என்றார். கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் புரியாத ஒரு வரி, கடைசியில் இரண்டு சமக்குறி. பார்த்தவுடனே பேஸ்64 என்று தெரிந்துவிட்டது. எந்தத் தகவலையும் வெறும் எழுத்தும் எண்ணுமாக எழுதிவைக்கும் குறியாக்கம் அது, யாரும் திருப்பிவிடலாம். திருப்பும் கட்டளையைக் கொடுத்ததும் கடவுச்சொல் பச்சையாகத் திரையில் வந்தது. சாவி எதுவும் கேட்கவில்லை. குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை, நடந்தது குறியாக்கம்தான். படித்தவர்தான் அதை மறையாக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சரி, மூலச்சொல்லுக்கு வருவோம். ‘என்கிரிப்ஷன்’ என்பதற்குள் இருக்கும் ‘கிரிப்ட்’, ‘க்ரிப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மறைந்தது, ஒளித்து வைத்தது என்று பொருள். தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இதன் கூட்டாளியான ‘சைஃபர்’ வேறு வழியாக வந்தது. அது சுழியத்தைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல். அந்த அரபுச் சொல்லோ நம் பக்கத்துச் ‘சூனிய’த்தின் பொருளை வாங்கிக்கொண்டது.

தமிழில் ‘மறை’ என்றதும் வேதம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ரகசியம் என்ற பொருளும் அதற்குப் பழமையானதுதான். ‘மறைபெறல் ஊரார்க்கு அரிதன்றால்’ என்று தொடங்குகிறது 1180ஆம் குறள். பறையறைவது போலக் கண்களே உள்ளதைச் சொல்லிவிடும்போது, நெஞ்சில் இருக்கும் ரகசியத்தை ஊரார் அறிவது கடினமில்லை என்கிறாள் தலைவி. அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறந்த வள்ளுவர் சிலையைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொல்லை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மறையாக ஆக்குவது மறையாக்கம். புதிதாக எதையும் கட்ட வேண்டியதே இல்லை.

‘சங்கேதம்’ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நன்னூல் சொல்லும் ‘குழூஉக்குறி’யையும் சிலர் எடுத்து வைப்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. அழகான சொல்தான். ஆனால் பறி என்றால் பொன் என்று வெளியாள் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் குறியின் ஆயுள் முடிந்தது. இன்றைய மறையாக்கம் இதற்கு நேர்மாறானது. முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் சாவி கிடைக்காத வரை பாதுகாப்பு நிற்க வேண்டும் என்று 1883இலேயே ஒகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் என்ற மறையாக்க அறிஞர் எழுதினார். ஓபன்எஸ்எஸ்எல்லின் மூலநிரலை இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ரகசியம் சாவியில் மட்டும்தான்.

யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. கடவுச்சொல்லைச் சேமிக்கப் பயன்படும் ‘கிரிப்ட்’ என்ற செயல்கூறு, பெயர் எப்படி இருந்தாலும், மறையாக்கிய கோப்பைத் தருவதில்லை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது டிஇஎஸ் என்ற மறையாக்க முறையை 25 தடவை ஓட்டி ஒரு முடிவைத் தரும். அதிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க எந்தச் சாவியும் கிடையாது. அதற்கு ‘ஹேஷ்’ என்றே எழுதுங்கள்.

அப்புறம், ‘அப்கிரேட்’. ஓபன்எஸ்எஸ்எல்லை மேம்படுத்தினால் வேலை முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில், வெளியாள் ஒருவர் ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை சர்வரின் நினைவகத்தை உறிஞ்ச முடிந்தது. மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. உள்ளே இருந்ததை நினைவகமே வெளியே சொல்லிவிட்டது. குறளின் ‘அறைபறை கண்’ணும் அதைத்தானே செய்தது. 1.0.1ஜி போட்டதும் ஓட்டை அடைபட்டது, ஆனால் ஏற்கனவே போன சாவி திரும்பாது. புதுச் சாவி உருவாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கி, பழையதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், ஓடிக்கொண்டிருந்த வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லையென்றால் டிஸ்க்கில் புது லைப்ரரி இருக்கும், நினைவகத்தில் பழையதே ஓடும். டெபியன், உபுண்டு சர்வர்களில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி அப்படிப்பட்ட சர்வீஸ்களைக் காட்டிக்கொடுக்கும்.

மறையாக்கத்துக்கு எதிர்ச்சொல் ‘மறைநீக்கம்’. ‘கீ’ என்பதற்குச் சிலர் ‘திறவுகோல்’ என்கிறார்கள்; பேச்சுக்கு நெருங்கியது என்பதால் நான் ‘சாவி’ என்று எழுதுவேன்.

மறைநீக்கத்தைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016இல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பில், கடவுச்சொல்லிலிருந்து சாவியை வரவழைக்க, நாம் எதுவும் குறிப்பிடாதபோது பயன்படும் ஹேஷ் முறையை எம்டி5இலிருந்து எஸ்எச்ஏ-256க்கு மாற்றினார்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கடைசிவரை இருந்தது அதற்கு முந்தைய 1.0.2. அங்கே ஓபன்எஸ்எஸ்எல்லின் ‘என்க்’ கட்டளையால் கடவுச்சொல் போட்டு மறையாக்கிய பேக்கப்பைப் புது சர்வரில் மறைநீக்கப் போனால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ‘பேட் டிக்ரிப்ட்’ என்று திட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை, கட்டளையில் எம்டி5 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் திறந்துவிடும். பழைய சர்வரை அணைப்பதற்கு முன்பே ஒரு பேக்கப்பை எடுத்துப் புது சர்வரில் மறைநீக்கிப் பாருங்கள்.