கொடி தெரிகிறது, தூரம் தெரியவில்லை

ஜூன் மாத அட்மிஷன் சமயத்தில் திருப்பூர்ப் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "ஜி.கே. எல்லாம் சொல்லித் தருவீங்களாங்க மிஸ்? பக்கத்து வீட்டுப் பையன் இருபது நாட்டுக் கொடி சொல்றானுங்க."

சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அதை உலக அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். அட்டையைக் காட்டினால் 'ஜப்பான்' என்று டக்கென்று சொல்கிற மூன்று வயதுப் பிள்ளையிடம், ஜப்பான் தூரமா, பெரியம்மா இருக்கிற பல்லடம் தூரமா என்று கேட்டுப் பாருங்கள். நாடு, ஊர், தூரம் என்பதெல்லாம் அந்த வயதில் வெறும் சத்தம். விளையாடி விளையாடித்தான் அந்தச் சத்தத்துக்குப் பொருள் வருகிறது.

எங்கள் வகுப்பில் பஸ் விளையாட்டு தினமும் நடக்கும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ் தயார். கண்டக்டர் வாயாலேயே விசில் அடிப்பான். பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி அவிநாசியில் இறங்குவார்கள். பனியன் கம்பெனி வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, தமிழ் இன்னும் சரியாக வராதவள், ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் தன் பையைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். இன்னொரு நாற்காலியை இழுத்துச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுல படுக்கக் கூடாது!" என்று கண்டக்டர் அதட்டினான்.

"ட்ரெயின்" என்றாள், எழுந்திருக்காமலே. இரண்டு விரலைக் காட்டி, "தோ ராத்" என்றாள்.

இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கே போகக்கூடாது. 'தோ ராத்துன்னா ரெண்டு ராத்திரி' என்று விளக்க வாய் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்டக்டர் கொஞ்சம் யோசித்தான். "சரி, எல்லாரும் படுங்க" என்று லைட்டை அணைக்கச் சொன்னான். ஒரு நிமிஷத்தில் ஒருவன் "விடிஞ்சிருச்சு, எறங்கலாம்" என்று எழுந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தாள். இன்னொரு ராத்திரி பாக்கி இருந்தது. அப்புறம் அவளே எழுந்து, "சாய், சாய்" என்று கூவிக்கொண்டு டம்ளரோடு வரிசையைச் சுற்றி வந்தாள்.

திருப்பூர் வழியாகப் போகிற தன்பாத் எக்ஸ்பிரஸில் ஜார்க்கண்டின் தலைநகர் ராஞ்சி போய்ச் சேர நிஜமாகவே இரண்டு ராத்திரி ஆகும். கிலோமீட்டர் புரியாத வயதில் அந்தத் தூரத்தை, இரண்டு தடவை படுத்து எழுந்து அந்தப் பிள்ளைகள் அளந்துவிட்டார்கள்.

மறுநாள் அந்த மூலையில் பழைய போர்வைகள், ஒரு டிபன் பாக்ஸ், கிழிந்த டிக்கெட்டுகள் என்று கொஞ்சம் சாமான் வைத்தோம். எங்கள் பங்கு அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து அவளுடைய அம்மா வந்து துஸ்கா செய்து காட்டினார். அரிசியையும் கடலைப்பருப்பையும் ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரிக்கிற பலகாரம் அது. (அடுப்பைத் தனி அறையில் வைத்தோம்; மாவைத்தான் பிள்ளைகள் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள்.) "எங்க வீட்லயும் மாவு ஆட்டுவாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "இவங்க ஊரு எங்க இருக்கு மிஸ்?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்குத்தான் இந்திய வரைபடத்தை எடுத்து விரித்தேன். கேள்வி வருவதற்கு முன்னால் விரித்திருந்தால் அது இன்னொரு கலர் படமாகப் போயிருக்கும்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில், அக்கா தங்கை இரண்டு பேர் 'அக்கா தங்கை' விளையாட்டு விளையாடுவதை எடுத்துக்காட்டுவார். சும்மா இருக்கும்போது அக்கா எப்படி நடந்துகொள்வாள் என்று அவர்கள் யோசிப்பதில்லை. விளையாடும்போது யோசித்தாக வேண்டும். கண்டக்டராகிற பிள்ளைக்கும் இதே கதைதான். ஏறுகிறவர் யார், காசு கொடுப்பவர் யார், இடம் யாருக்கு விட வேண்டும் என்று ஒரு சமூகத்தையே யோசிக்கிறான். நம் நாட்டில் 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரையிலான கல்விக்கு விளையாட்டைத்தான் மையமாக வைக்கிறது. ஆகவே இது 'படிக்க வைக்காமல் விளையாட விடுகிற' வேலை இல்லை.

மாறுவேடப் போட்டியில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்குக் கிமோனோ எடுத்து, மேடையில் ஒரு வரி ஒப்பிக்க வைத்தால், வேறு ஊர் மனிதர்கள் என்றால் விசித்திரமான உடுப்புப் போட்டவர்கள் என்பதுதான் பிள்ளைக்கு மிஞ்சும். அவர்களும் மாவு அரைப்பார்கள், ரயிலில் தூங்குவார்கள் என்று தெரிவது அதைவிட எவ்வளவோ மேல்.

வீட்டில் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். உழவர் சந்தைக்கும் தபால் ஆபீசுக்கும் கூட்டிப் போங்கள். வெண்டைக்காயை அவர்களே பொறுக்கிப் போடட்டும், பாட்டிக்குக் கிறுக்கிய கார்டை அவர்களே பெட்டியில் போடட்டும். திரும்பி வந்ததும் 'என்ன பார்த்தே, சொல்லு' என்று பரீட்சை வைக்காமல் விட்டுவிடுங்கள். சாயங்காலம் சொப்புச் சாமானோடு சந்தை தானாக வந்துவிடும். அதற்கு நேரம் வேண்டும். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பள்ளி தேடும்போது காலை பத்தரை மணி வாக்கில் போய் வகுப்பறையைப் பார்க்கக் கேளுங்கள். சுவரில் எல்லாப் பிள்ளைகளின் படமும் ஒரே மாதிரி இருக்கிறதா, நாற்காலியைப் பிள்ளைகள் நகர்த்த விடுகிறார்களா என்று கவனியுங்கள். வேறு மொழி பேசுகிற பிள்ளை அங்கே இருந்தால், விளையாட்டில் அவளுக்கு என்ன வேஷம் கிடைத்திருக்கிறது என்றும் பாருங்கள்.