இந்தோனேசிய மொழி சுலபம்தான், ஒன்பதாம் வகுப்பு வரை

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி எடுக்க வேண்டும் என்றால் பிரெஞ்சு, ஜப்பானியம், இத்தாலியன், சீனம் என்று போகும் வரிசையில் இந்தோனேசிய மொழியும் இருக்கிறது. நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும்: டார்வின் நகரத்துக்காரருக்குச் சிட்னியைவிட பாலித் தீவு கிட்டத்தில் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் 27 கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஒரு நாடு. 1950களில் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் தொடங்கிய பாடம், பிறகு மெல்ல மெல்ல உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளையும் பெற்றோரையும் இந்தப் பாடத்துக்கு இழுக்க எப்போதும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "இது சுலபமான மொழி." எழுத்து ரோமன் எழுத்து, ஏறக்குறைய எழுதியபடியே படிக்கலாம். வினைச்சொல்லுக்குக் கால விகுதி கிடையாது, ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது, நான் சாப்பிட்டாலும் அவர்கள் சாப்பிட்டாலும் சொல் மாறாது. இவை எல்லாமே உண்மை. அப்படியானால் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரை இதைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? அரசியல் காரணங்கள் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் மொழிக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. இந்தோனேசிய மொழியின் கடினம் இல்லாமல் போகவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. அது வந்து நிற்கிற வகுப்பும், பிள்ளைகள் பாடத்தைக் கைவிடலாம் என்று அனுமதி கிடைக்கிற வகுப்பும் பெரும்பாலும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

முதலில் அந்தச் சுலபமான பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். "சாயா மாக்கான் நாசி" என்றால் நான் சோறு சாப்பிடுகிறேன். முன்னால் "சுடாஹ்" சேர்த்தால் சாப்பிட்டாயிற்று, "செடாங்" சேர்த்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், "ஆக்கான்" சேர்த்தால் சாப்பிடுவேன். "மாக்கான்" அசையாமல் அப்படியே இருக்கும். புது மொழி கற்பவர்களின் மூளை எதை முதலில் பிடிக்கிறது என்பதை ஆராய்ந்த பில் வான்பேட்டன் என்ற அமெரிக்க மொழியியலாளர், கற்பவர்கள் பொருள் தரும் முழுச் சொற்களைத்தான் முதலில் கவ்விக்கொள்கிறார்கள், விகுதிகளைக் காதில் வாங்காமலே தாண்டிப் போகிறார்கள் என்கிறார். "நேற்று" என்ற சொல் வாக்கியத்தில் இருந்துவிட்டால் வினையின் கடைசியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கவனிக்கவே தேவையில்லையே! காலத்தைத் தனிச்சொல்லாலேயே காட்டும் இந்தோனேசிய மொழி, தொடக்க நிலை மாணவரின் இந்தச் சுபாவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. அதனால்தான் சில வாரங்களிலேயே ஏழாம் வகுப்புப் பிள்ளை முழு வாக்கியம் பேசுகிறது.

வயதும் கை கொடுக்கிறது. சின்னக் குழந்தைகள்தான் மொழியை வேகமாகப் பிடிக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்களை வைத்து கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்னாகெல்-ஹோலேயும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சில மாதங்களில் டச்சு மொழியை வேகமாகக் கற்றவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள்தான். ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் திறன் அந்த வயதில் நன்றாகக் கூடியிருக்கும். இந்தோனேசிய மொழியின் அடுத்த கட்டத்துக்கு வேண்டியதும் அதே திறன்தான்.

அடுத்த கட்டம் என்பது முன்னொட்டும் பின்னொட்டும். "துலிஸ்" என்றால் எழுது. முறையான எழுத்து நடையில் எழுதும் செயலைச் சொல்ல "மெ" என்ற முன்னொட்டு சேர்ந்து "மெனுலிஸ்" என்று வரவேண்டும். மாணவர் அச்சிட்ட அகராதியைப் புரட்டுகிறார். ம வரிசையில் இல்லை, ந வரிசையிலும் இல்லை. இந்தோனேசிய அகராதி வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது, த வரிசையில் "துலிஸ்" என்பதற்குள் போனால்தான் "மெனுலிஸ்" கிடைக்கும். ஆனால் அந்தத் த-வைத்தான் கண்ணில் காணோமே! அதேபோல "புக்குல்" (அடி) "மெமுக்குல்" ஆகிறது, "கிரிம்" (அனுப்பு) "மெஙிரிம்" ஆகிறது, "சாப்பு" (பெருக்கு) "மெஞாப்பு" ஆகிறது.

தமிழ் படித்தவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ப போய் ம வந்திருக்கிறது, த போய் ந, க போய் ங, ச போய் ஞ. தொல்காப்பிய காலத்திலிருந்து நாம் படிக்கும் வல்லினம், அதற்கு இனமான மெல்லினம், அதே ஜோடிகள்! காரணம் வாயின் அமைப்புதான். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு மூடுவது ஒரே இடத்தில், காற்று மூக்கு வழியாகப் போகிறதா என்பதில் மட்டும் வேறுபாடு. முன்னொட்டு முடியும் மூக்கொலி, அடுத்து வரும் வல்லினத்தின் பிறப்பிடத்துக்கு நகர்ந்து, பிறகு அந்த வல்லினத்தை விழுங்கிவிடுகிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் "மரங்கள்" என்று ம் நகர்ந்து ங் ஆவதும் இதே வேலைதான், நாம் வல்லினத்தை விழுங்குவதில்லை, அவ்வளவுதான். குரல் அதிரும் ப, ட (ஆங்கிலத்தின் b, d எழுத்துகள்) இந்தோனேசிய மொழியிலும் விழாது: "பாச்சா" (படி) "மெம்பாச்சா" என்றுதான் ஆகும்.

ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பல பாடநூல்கள் ஒரு அட்டவணையைப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளையின் வாய் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது: "இன்டைரக்ட்" என்று சொல்கிறவர் "இன்பாசிபிள்" என்று சொல்வதில்லை, "இம்பாசிபிள்" என்கிறார். அதைச் சொல்ல வைத்து, உதடு எங்கே மூடுகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னால், அட்டவணையின் பாதி வேலை முடிந்துவிடும். "மெனுலிஸ்", "மெம்பாச்சா" போன்றவற்றை ஏழாம் வகுப்பிலேயே முழுச் சொல்லாக, விளக்கம் இல்லாமல், பேச்சில் புழங்க விட்டுவிட வேண்டும். இருபது முப்பது சொற்கள் காதில் ஊறிய பிறகு ஒன்பதாம் வகுப்பில் "இதில் என்ன ஒழுங்கு தெரிகிறது?" என்று கேட்டால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். விதியை முதலில் கொடுத்து உதாரணத்தைப் பிறகு கொடுப்பதைவிட, இந்த வயதுக்கு இது நன்றாக வேலை செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் கிடைக்கும் லாபம் பெரிது. "துலிஸ்" என்ற ஒரு வேரிலிருந்து "பெனுலிஸ்" (எழுத்தாளர்), "துலிசான்" (எழுத்து), "தெர்துலிஸ்" (எழுதப்பட்டிருக்கும்) என்று ஒரு குடும்பமே வந்து நிற்கும். சிக்கலும் வரும். "மெஙுக்குர்" என்பது "உக்குர்" (அளவெடு) என்பதிலிருந்தும் வரலாம், "குக்குர்" (துருவு) என்பதிலிருந்தும் வரலாம், பக்கத்தில் தேங்காய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பின்னொட்டுகளோ பொருளையே திருப்பிவிடும்: "டுடுக்" உட்கார், "மெண்டுடுக்கான்" உட்கார வை, "மெண்டுடுக்கி" ஓர் இடத்தைப் பிடித்துக்கொள். இதற்கெல்லாம் குறுக்கு வழி இல்லை, படித்துப் படித்துத்தான் வரும்.

இதைவிடவும் பெரிய மேடு, செயப்பாட்டு வாக்கியம். "அலி டிபுக்குல் புடி" என்றால் அடித்தவன் புடி, அடி வாங்கியவன் அலி. வகுப்பில் பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். இதற்கும் வான்பேட்டன் காரணம் சொல்கிறார்: கற்பவர்கள் வாக்கியத்தின் முதல் பெயர்ச்சொல்லையே செய்தவராக எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் சொல் வரிசைதான் எல்லாம் என்பதால் இந்தப் பழக்கம் இன்னும் இறுகியிருக்கும். "டி" என்ற, செயப்பாட்டைக் காட்டும் ஒற்றை அசை காதில் விழாமல் போனால் கதையே மாறிவிடும்.

அதனால் இதைச் சொல்ல வைப்பதற்கு முன்னால் கேட்க வைக்க வேண்டும். இரண்டு படங்கள்: ஒன்றில் நாய் பூனையைத் துரத்துகிறது, மற்றதில் பூனை நாயைத் துரத்துகிறது. ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்வார், மாணவர் சரியான படத்தைத் தொட வேண்டும். "மெ" வந்ததா "டி" வந்ததா என்பதைக் கவனிக்காமல் சரியான படத்தைத் தொடவே முடியாது, ஊகத்துக்கு உதவ வேறு எந்தத் துப்பும் கிடையாது. கற்பவரின் தவறான பழக்கத்தைத் தோற்க வைத்து, மூளையை அந்த அசையின் பக்கம் திருப்புவதுதான் இந்தப் பயிற்சியின் சூட்சுமம்.

அப்புறம் இன்னொரு வகை இருக்கிறது. "சுராத் இத்து சாயா துலிஸ்." சொல்லுக்குச் சொல் பார்த்தால் கடிதம், அந்த, நான், எழுது. ஆங்கிலப் பிள்ளைகள் இதை நம்ப மாட்டாமல் "டிதுலிஸ் ஓலே சாயா" (என்னால் எழுதப்பட்டது) என்று எழுதித் தள்ளுவார்கள், இந்தோனேசியர் காதுக்கு அது இடறும். பேச்சில் ஏற்கெனவே வந்துவிட்ட பொருளை முன்னால் வைத்துத் தொடர்வது அங்கே அன்றாட வழக்கம். "அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன்" என்று இயல்பாகச் சொல்லும் நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை, நம்மிடம் "ஐ" உருபு இருக்கிறது, அவர்களிடம் உருபு கிடையாது என்பதுதான் வேறுபாடு.

மெல்பர்ன், சிட்னி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு சில இடங்களிலும் கொஞ்சம் முந்துதல் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் "கீத்தா", சேர்க்காமல் சொல்லும் "காமி", இரண்டும் நம் நாம், நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மற்ற பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தடுமாறுவார்கள். "ஆசிரியர் அல்ல" என்பதற்கு "புக்கான்", "வரவில்லை" என்பதற்கு "திடாக்" என்று பிரிப்பதும் நம் எழுத்துத் தமிழின் அல்ல, இல்லை போலத்தான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியர் அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் கற்ற பிள்ளை ஜகார்த்தாவில் எடுத்த ஒரு காணொளியைப் பார்க்கிறது, பாதிக்கு மேல் புரிவதில்லை. வகுப்பில் "திடாக்", அங்கே "ங்காக்". வகுப்பில் "சுடாஹ்", அங்கே "உடாஹ்". "சாயா" போய் "குவே" வந்துவிட்டது. எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இத்தனை தூரம் இருக்கலாம் என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலம் மட்டும் அறிந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே தோன்றும். ஆனால் ஒன்று: பேச்சில் "மெனுலிஸ்" என்பது "நுலிஸ்" ஆகிறது, "மெஞாப்பு" என்பது "ஞாப்பு" ஆகிறது. முன்னொட்டு உதிர்ந்தாலும் மெல்லினம் அப்படியே நிற்கிறது! ஒன்பதாம் வகுப்பில் அந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டவருக்கு இந்தப் பேச்சு நடை பாதி கைக்கு வந்த மாதிரிதான்.

இனி நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வைத்திருக்கும் மதிப்பீட்டில், இந்தோனேசிய மொழிக்குச் சுமார் 900 வகுப்பு மணி நேரம், தமிழுக்குச் சுமார் 1,100, ஜப்பானிய மொழிக்கு 2,200. ஜப்பானியத்தோடு ஒப்பிட்டால் சுலபம்தான். ஆனால் அந்த 900 மணி, வேறு வேலை இல்லாமல் முழுநேரமும் படிக்கும் பெரியவர்களுக்கு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏழு முதல் பத்தாம் வகுப்புக்குள் ஒரு மொழியில் கட்டாயம் படிக்க வேண்டியது 100 மணி நேரம். அதில் எட்டக்கூடியது எளிய பகுதி மட்டும். மேடு வரும் இடத்தில் பாடம் விருப்பப் பாடம் ஆகிவிடுகிறது.

அரசியல் இதோடு சேர்ந்துகொண்டது. 1990களின் நடுவில் ஜப்பானியம், சீனம், கொரியம், இந்தோனேசியம் ஆகிய 4 ஆசிய மொழிகளைப் பள்ளிகளில் வளர்க்க ஆஸ்திரேலிய அரசு ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தது, பணம் வந்தது, வகுப்புகள் நிறைந்தன. 2002இல் அந்த நிதி நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று பாலி குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தார்கள், அவர்களில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள். அரசின் பயண எச்சரிக்கைகளால் பள்ளிச் சுற்றுலாக்கள் நின்றுபோயின, ஒரு தலைமுறை மாணவர்கள் தாங்கள் கற்ற மொழியை அது பேசப்படும் தெருவில் நின்று கேட்கவே இல்லை. கேட்கும் வாய்ப்பு இல்லாமல் முன்னொட்டு அட்டவணையை மட்டும் படித்தவருக்கு எதற்காகத் தொடர வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே.

2008இல் தொடங்கிய 'பிரிட்ஜ்' என்ற பள்ளி இணைப்புத் திட்டம் இந்தக் குறையை ஓரளவு நிரப்பியது: ஓர் ஆஸ்திரேலியப் பள்ளியும் ஓர் இந்தோனேசியப் பள்ளியும் ஜோடி சேர்ந்து இணையவழியில் பேசிக்கொண்டன, ஆசிரியர்கள் ஒருவர் பள்ளிக்கு ஒருவர் போய் வந்தார்கள். மணி நேரத்தைக் கூட்ட முடியாவிட்டாலும் வரிசையை மாற்றலாம். இரண்டு படங்களைக் காட்டும் அந்தக் கேட்டல் பயிற்சியை எட்டாம் வகுப்புக்கே கொண்டுவரலாம், பேச்சு நடையை எழுதச் சொல்லாமல் காதுக்கு மட்டும் முதல் ஆண்டிலேயே கொடுக்கலாம், மேடு ஒன்று வருகிறது என்பதையும் ஏழாம் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம்.