சோதனை இயக்கியில் புதிய மொழி: பச்சை எழுத்தை உடனே நம்பாதீர்கள்

ஷெல் ஸ்கிரிப்டுகளை மட்டும் ஓட்டிவந்த சோதனைத் தொகுப்பில் பைத்தானையும் சேர்க்க, நிரலைத் தொகுக்கும் மேக் கோப்புகளை உருவாக்கித் தரும் ஆட்டோமேக் கருவியில் இரண்டு வரிகள் போதும். சோதனைக் கோப்புகளுக்கான நீட்டிப்புப் பட்டியலில் பைத்தான் நீட்டிப்பை எழுதி, அதற்கு எந்த இன்டர்பிரிட்டரை (ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் நிரலை) அழைக்க வேண்டும் என்று அடுத்த வரியில் சொல்லிவிடலாம். சோதனைகளை ஓட்ட 'மேக் செக்' என்று கட்டளையிட்டால், தேறியவற்றுக்குத் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக வரும். பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

சோதனைகளை ஓட்டி முடிவைப் பதியும் நிரலான சோதனை இயக்கிக்கு எந்த மொழியும் தெரியாது. ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண் மட்டுமே தெரியும். 0 தேர்ச்சி, 77 தவிர்ப்பு, 99 கடும் பிழை, மற்றவை தோல்வி. எனவே புதிய மொழி அந்த எண்ணை எப்படித் தருகிறது என்பதே முதல் கேள்வி. பைத்தான் இதில் ஒழுங்கானது. கையாளப்படாத பிழை எழுந்தால் 1 தரும். ஷெல்லோ இடையில் எது தோற்றாலும் கடைசிக் கட்டளையின் எண்ணையே தரும். ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ், 2020இல் வந்த 15ஆம் பதிப்புக்கு முன்புவரை, பிராமிஸில் (பின்னர் முடியும் வேலைக்கான பொருளில்) எழுந்து யாரும் கையாளாத பிழைக்கு வெறும் எச்சரிக்கை காட்டிவிட்டு 0 தந்தது. தோற்ற சோதனைகளின் எண்ணிக்கையையே வெளியேறும் எண்ணாகத் தருவதும் ஆபத்து: யூனிக்ஸில் 256 என்பது 0 ஆகிவிடும், அதாவது 256 தோல்விகள் தேர்ச்சியாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, இன்டர்பிரிட்டரே இல்லாத கணினி. பைத்தானைத் தேடும் ஆட்டோமேக் மேக்ரோவிடம் (ஆயத்தக் கட்டளைத் தொகுப்பிடம்) 'கிடைக்காவிட்டாலும் நிறுத்தாதே' என்று சொல்ல முடியும். அப்போது பைத்தானின் பெயர் இருக்க வேண்டிய மாறியில் ஒரு முக்காற்புள்ளி (:) மட்டும் இருக்கும். ஷெல்லில் முக்காற்புள்ளியும் ஒரு கட்டளைதான். எதுவும் செய்யாது, எப்போதும் 0 தரும். விளைவு, ஒரு சோதனைகூட ஓடாமல் அத்தனையும் தேர்ச்சி என்று பதிவாகும். பைத்தான் இல்லாத கணினியில் பைத்தான் சோதனைகள் வென்றதாக அறிக்கை வரும்!

அதனால் இன்டர்பிரிட்டரை நேரடியாக அழைக்காமல், இடையில் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டை வைக்கச் சொல்கிறேன். மாறியில் முக்காற்புள்ளி இருந்தால் அது 77 தந்து வெளியேறட்டும். ஆனால் தானியங்கிச் சோதனை நடக்கும் சர்வரில் 77 போதாது. எல்லாம் தவிர்க்கப்பட்டாலும் 'மேக் செக்' வெற்றி என்றே முடியும். அங்கே ஒரு சூழல் மாறியை (நிரலுக்கு வெளியிலிருந்து தரப்படும் அமைப்பை) பார்த்து 99 தர வேண்டும். பயனரின் கணினியில் பைத்தான் இல்லாதது இயல்பு. நம் சர்வரில் இல்லாதது பழுது.

சோதனை ஸ்கிரிப்டுகள் வெளியீட்டுத் தொகுப்பில் தாமாகச் சேராது என்பதால் விநியோகப் பட்டியலிலும் எழுதுங்கள். வெளியீட்டுத் தொகுப்பைச் சரிபார்க்கும் 'மேக் டிஸ்ட்செக்' கட்டளை விடுபட்டதைக் காட்டிவிடும்.

உண்மையான சோதனைகளுக்கு முன், தோற்கவே எழுதப்பட்ட மூன்றை ஓட்டிப் பாருங்கள்: 1 தந்து வெளியேறுவது, பிழை எழுப்புவது, இலக்கணமே தவறானது. மூன்றும் சிவப்பில் வந்தால் மேலே செல்லலாம்.