சாட் பண்ணினா கேஸ் போட்டாச்சுன்னு அர்த்தமில்ல அண்ணே

இந்த மாசத்துல இவர் மூணாவது ஆளு. சிங்கப்பூர்ல ஒரு இலவச சட்ட கிளினிக், வியாழக்கிழமை ராத்திரி, கிச்சன் கேபினட்டுக்கு 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிட்டு ரெனவேஷன்காரன் கம்பி நீட்டிட்டான்னு ஒரு அண்ணன் ஃபைலோட வந்து உக்காந்தாரு. உள்ள ரசீது ஒண்ணே ஒண்ணு, மிச்சம் பதினாலு பக்கமும் சாட்பாட்கூட பேசினதோட பிரிண்ட் அவுட். "கோர்ட்டுக்கு எப்பவோ சொல்லியாச்சும்மா, பதில்தான் வரல"ங்கிறாரு. கடைசி பக்கத்துல பாட் வேற எதுவும் உதவி வேணுமான்னு கேட்டிருக்கு, இவரு "நன்றி, காத்திருக்கேன்"னு டைப் பண்ணிருக்காரு.

அந்த சாட்பாட் தகவல் சொல்றதுக்கு மட்டும்தாங்க. நீங்க சொன்னத அது யாருக்கும் அனுப்பாது, கேஸ் நம்பர் தராது, நீதிபதி யாரும் உங்க சாட்டை படிக்கப்போறதில்ல. நீங்க விடிய விடிய பேசினாலும் காலக்கெடு அதுபாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்கும். கோர்ட்டோட ஆன்லைன் தளமான சிஜேடிஎஸ்ல, சிங்பாஸ்ங்கிற அரசாங்க லாகின் போட்டு உள்ள போய், ஃபாரத்தை நிரப்பி, ஃபீஸ் கட்டினாத்தான் கேஸ். இவரு தொகைக்கு ஃபீஸ் வெறும் 10 வெள்ளி! சின்னத் தொகை கேஸ்களைப் பாக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்துல ரெண்டு வருஷம் டைம், இவருக்கு அதுக்கு மேல மூணு வாரம் ஆயிடுச்சு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வழி இன்னும் இருக்கு, ஆனா செலவும் அலைச்சலும் வேற லெவல்.

ஃபோன்ல இருக்கிற பொதுவான ஏஐகிட்ட கேக்கறவங்களுக்கும் சேத்து சொல்றேன், எந்த ஊருன்னு சொல்லாம கேட்டா அது அமெரிக்கா கணக்கை எடுத்து விடும், இல்லன்னா நம்மூர் பழைய கணக்கு. ஸ்மால் கிளெய்ம்ஸ்ல 10,000 வெள்ளி வரைக்கும்தான், ஒரு வருஷத்துக்குள்ள போடணும்ங்கிறதெல்லாம் 2019 நவம்பரோட போச்சு. இப்ப 20,000 வரைக்கும், ரெண்டு தரப்பும் எழுதிக் குடுத்து ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும். வீட்டு வாடகை டெபாசிட்னா அக்ரிமெண்ட் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கக்கூடாது, இத நீங்க சொல்லலன்னா பாட் கேக்காமலே "தாராளமா போடலாம்"னு சொல்லிடும். நண்பனுக்குக் குடுத்த கைமாத்து இங்க வரவே வராது, சம்பள பாக்கிக்கு வேற இடம்.

கேக்காதீங்கன்னு சொல்லல. கோர்ட்டே ஏஐ யூஸ் பண்ண வேணாம்னு சொல்லல, 2024 அக்டோபர்ல இருந்து அதுக்கு ஒரு வழிகாட்டியே நடைமுறைல இருக்கு, ஆனா நீங்க தாக்கல் பண்றதுக்கு நீங்கதான் பொறுப்பு, ஆதாரத்தை ஏஐ வெச்சு உருவாக்கக்கூடாது. ஹியரிங்குக்கு வக்கீலும் கூட வர முடியாது, தப்பா இருந்தா அங்க முழிக்கறது நீங்க மட்டும்தான்.

ஐசி (அடையாள அட்டை) நம்பர், பேங்க் ஸ்டேட்மெண்ட்டெல்லாம் சாட்ல ஒட்டாதீங்க, ப்ளீஸ். காண்ட்ராக்டர் கடை போர்டுல இருக்கிற பேரை நம்பி போடாதீங்க, கம்பெனிகளைப் பதிவு பண்ற அக்ராவுல இருக்கிற பேரு, யூஇஎன்ங்கிற பதிவு நம்பர் பாத்துப் போடுங்க, பேரு மாறினா ஜெயிச்சும் காசு வராது. உங்க வீட்ல அப்பாவோ மாமாவோ இப்படி சாட் பண்ணிட்டு இருந்தா, கேஸ் நம்பர் வந்துச்சான்னு இன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.