‘கேப்’: எண்ணிக்கையாக மாறிய தொப்பி

ஃபெரென்ஸ் புஷ்காஷ் ஹங்கேரிக்காக 85 ‘கேப்’, பிறகு ஸ்பெயினுக்காக 4 ‘கேப்’ பெற்றவர் என்று கால்பந்துக் குறிப்புகளில் படிக்கிறோம். நாட்டின் முதன்மை அணிக்காகக் களமிறங்கிய அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றுக்கு ஒரு கேப் என்பது கணக்கு. ஆட்டம் முழுவதும் ஆட வேண்டியதில்லை. கடைசி நிமிடத்தில் மாற்று வீரராக நுழைந்தாலும் ஒன்று கூடிவிடும். அணிப் பட்டியலில் பெயர் இருந்தும் பெஞ்சை விட்டு எழவே இல்லை என்றால் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆடியவை தனிக் கணக்கு.

ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் தொப்பிதான். தலையை மூடும் அங்கியைக் குறித்த ‘கப்பா’ என்ற பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொப்பி எப்படி ஆட்டக் கணக்காயிற்று என்பதற்கு 1870களுக்குப் போக வேண்டும். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கோல் இல்லாமல் முடித்துக்கொண்ட ஆட்டமே முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம். சட்டை முதுகில் எண் போடும் வழக்கம் அப்போது இல்லை. தொப்பி அணிந்தே ஆடிய காலம் அது. தொப்பி, காலுறை நிறங்களை வைத்துத்தான் பார்வையாளர்கள் ஆட்டக்காரர்களை அடையாளம் கண்டார்கள். 1886-இல், கொரிந்தியன் கிளப்பை நிறுவிய என். லேன் ஜாக்சன் ஒரு யோசனை சொன்னார்: இங்கிலாந்துக்காக ஆடுகிறவருக்கு முன்பக்கம் சிவப்பு ரோஜா பின்னிய வெள்ளைப் பட்டுத் தொப்பி தரலாம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்டது. காலப்போக்கில் துணி பின்னுக்குப் போய் எண்ணிக்கை முன்னுக்கு வந்தது. அப்படித் தொப்பி கொடுக்கும் வழக்கமே இல்லாத நாடுகளின் வீரர்களுக்கும் இன்று ‘கேப்’ எண்ணப்படுகிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். அங்கே அறிமுக ஆட்டத்தன்று தருவதுதான் தொப்பி. அதன் எண், நாட்டுக்காக ஆடியவர்களின் வரிசையில் அவர் எத்தனையாவது ஆள் என்பதைச் சொல்லும். கால்பந்தில் அந்த எண் ஒரே ஆளின் ஆட்டங்களைச் சொல்லும்.

இவ்வளவும் அகராதிப் பொருள். இரண்டு நாடுகளுக்கு ஆடத் தகுதி உள்ள ஒருவருக்கு இந்தச் சொல் கனக்கத் தொடங்கும். ‘கேப்-டைட்’ என்பார்கள்: ஒரு நாட்டுக்கு ஆடியதால், இன்னொரு நாட்டுக்கு ஆட முடியாதபடி கட்டுப்பட்டவர். புஷ்காஷ் காலத்தில் இந்தக் கட்டு இல்லை. ஜோஸே அல்தஃபீனி 1958-இல் பிரேசிலோடு உலகக் கோப்பையை வென்றுவிட்டு, 1962-இல் இத்தாலிக்காக உலகக் கோப்பையில் ஆடினார். அதற்குப் பிறகுதான் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா விதியை இறுக்கியது.

இந்த இறுக்கத்தில் சிக்கியவர் முனீர் எல் ஹதாதி. மாட்ரிட் வட்டாரத்தில் பிறந்தவர்; தந்தை மொராக்கோக்காரர். பார்சிலோனாவின் இளம் முன்கள வீரராக ஸ்பெயினின் முதன்மை லீக்கான லா லிகாவில் அடியெடுத்து வைத்த சில வாரங்களிலேயே ஸ்பெயின் அழைத்தது. காயமடைந்த டியேகோ கோஸ்டாவின் இடத்துக்கு வந்த அழைப்பு அது. 2014 செப்டம்பர் 8, ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2016-க்குத் தகுதிச் சுற்று, எதிரணி மாசிடோனியா. ஸ்பெயின் 5-1 என்று வென்ற ஆட்டத்தில் 77-ஆவது நிமிடத்தில் உள்ளே வந்தார். மிச்சமிருந்தது 13 நிமிடம். 19 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அதன் பிறகு ஸ்பெயின் முதன்மை அணியில் அவர் ஆடவே இல்லை. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ அணியில் சேர விரும்பினார். ஃபிஃபா மறுத்தது. மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமும் 2018 மே மாதம் தள்ளுபடி செய்தது. காரணம் அந்த 13 நிமிடமே: தகுதிச் சுற்று போட்டி ஆட்டம், நட்புமுறை ஆட்டம் அல்ல; அதற்குக் கட்டு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், யாருடைய காயத்தால் முனீர் அழைக்கப்பட்டாரோ அந்தக் கோஸ்டா பிரேசிலுக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடியவர். இரண்டும் 2013 மார்ச்சில் நடந்த நட்புமுறை ஆட்டங்கள் என்பதால் அவர் ஸ்பெயினுக்கு மாற முடிந்தது. வில்ஃப்ரெட் ஸாஹாவும் இங்கிலாந்துக்கு இரண்டு நட்புமுறை ஆட்டங்கள் ஆடிவிட்டுப் பிறந்த நாடான ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். இரண்டு ஆட்டம் ஆடியவர்கள் மாறலாம், கால் மணி நேரம்கூட ஆடாதவர் மாறக்கூடாது என்ற விதியில் என்ன நியாயம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2020 செப்டம்பரில் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. 21 வயது ஆன பின் போட்டி ஆட்டம் எதுவும் ஆடாமல், நட்புமுறை ஆட்டங்களையும் சேர்த்து மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகி, உலகக் கோப்பையிலோ யூரோ போன்ற கண்டக் கோப்பையிலோ இறுதிச் சுற்றில் ஆடாமலும் இருந்தால் மாறலாம் என்பது அதன் சாரம். முனீருக்கு 2021 ஜனவரியில் அனுமதி கிடைத்தது; மார்ச்சில் மொராக்கோ சட்டையில் இறங்கினார். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரை போனபோது அணியில் அவர் இல்லை.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘85 தொப்பிகள்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது உதவாது; தலைக்குக் குல்லாப் போடுவதற்குத் தமிழில் வேறு அர்த்தம் இருக்கிறது. அப்படியே ‘கேப்’ என்று எழுதினால் வாடகை வண்டி, இடைவெளி, தோளில் தொங்கும் அங்கி எல்லாம் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. சேரர் பனம்பூவும் சோழர் ஆத்தியும் பாண்டியர் வேம்பும் சூடிப் போருக்குப் போனதை நினைத்து ‘சூடல்’ என்று ஒரு சொல்லை ஆக்கலாம். அழகாகத்தான் இருக்கும், விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்குப் புரியாது. செய்திகளில் வழங்கும் ‘சர்வதேச ஆட்டம்’ ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் ஸ்பெயின் கிளப்பும் இத்தாலிக் கிளப்பும் சாம்பியன்ஸ் லீக்கில் மோதுவதும் சர்வதேச ஆட்டம்தானே? அதற்குக் கேப் கிடையாது. ஆகவே ‘நாட்டணி ஆட்டம்’ என்பதே என் தேர்வு. ‘கேப்-டைட்’ என்பதற்கு ‘நாட்டணிப் பிணைப்பு’ போதும்.

பழகிப் பார்க்க ஒரு எடுத்துக்காட்டு. பில்பாவோவில் பிறந்த இன்யாக்கி வில்லியம்ஸின் பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். 2016-இல் அவர் ஸ்பெயினுக்காக ஒரு நாட்டணி ஆட்டம் ஆடினார். அது நட்புமுறை ஆட்டம் என்பதால் நாட்டணிப் பிணைப்பு ஏற்படவில்லை. 2022-இல் கானாவுக்கு மாறி அவ்வாண்டு உலகக் கோப்பையில் ஆடினார். தம்பி நிக்கோ அதே கோப்பையில் ஸ்பெயினுக்காக ஆடினார்.