விற்பதற்காகப் புதுப்பிக்கும் வீடு: டிசைனர் கையில் முதலில் தண்ணீர் ரிப்போர்ட்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய தனி வீட்டை வாங்கி, உள்ளே முழுசாக மாற்றி, நல்ல விலைக்கு விற்க இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். உடைக்கிற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் இன்டீரியர் டிசைனரைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் பாத்ரூம் பைப் பதித்தாகிவிடும், சுவிட்ச் பாக்ஸ் வெட்டியாகிவிடும். சிங்க்கை இரண்டடி தள்ளச் சொன்னால் தண்ணீர் லைன், கழிவு லைன், 16 ஆம்பியர் பாயின்ட் எல்லாவற்றையும் மறுபடி வெட்ட வேண்டும்.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டிசைனரைக் கூட்டிப் போங்கள். அந்த ஒரு விசிட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்தாலும் தகும். கூடவே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் வேண்டும். பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவர் பல இடங்களில் தளத்தையே தாங்கிக்கொண்டிருக்கும். ஓபன் கிச்சனுக்காக அதை எடுத்தால் மேலே பீம் கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கே மாறிவிடும்.

அடுத்து தண்ணீர். எங்கள் பார்வையில் இந்தப் பக்கத்தில் டிசைனைத் தீர்மானிக்க வேண்டியதே இதுதான். போர் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, கடினத்தன்மையையும் ஃப்ளோரைடையும் பாருங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. 600-ஐ நெருங்கும் தண்ணீரில், படத்தில் அழகாகத் தெரியும் கறுப்பு மேட் குழாய் கொஞ்ச நாளிலேயே வெள்ளை பூத்துவிடும். ஷவர் கண்ணாடி மங்கும், மழை ஷவரின் துளைகள் அடைபடும், சிங்க்கைச் சுற்றிக் கறுப்பு கிரானைட்டில் வளையம் வளையமாக உப்பு நிற்கும். வாங்க வருபவர் முதலில் திறந்து பார்ப்பது குழாயைத்தான்.

அதனால் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவியான சாஃப்ட்னருக்கு இடம் வரைபடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், அது தன்னைக் கழுவி வெளியேற்றும் பேக்வாஷ் தண்ணீர் போக வடிகால், ரிப்பேர் வந்தால் திருப்பிவிட பைபாஸ் வால்வு, இந்த மூன்றும் டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிய வேண்டும். பேக்வாஷ் தண்ணீர் உப்புத் தண்ணீர், செடிப் பக்கம் விடாதீர்கள். தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனி லைன் எடுங்கள். ஃப்ளோரைடை சாஃப்ட்னர் எடுக்காது, குடிக்க ஆர்.ஓ. வேண்டும். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பு அந்த வீட்டுக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் விற்கும்போது முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அது.

வாஸ்துவில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீடு பார்க்க வருபவரோடு அம்மாவும் மாமனாரும் வருவார்கள். அக்னி மூலையில் இருக்கும் அடுப்படியை நகர்த்தும் டிசைனை ஏற்காதீர்கள்.

இனி பிஓக்யூ, அதாவது என்ன பொருள், எவ்வளவு அளவு, என்ன விலை என்று வரி வரியாக எழுதிய பட்டியல். 'மாடுலர் கிச்சன், 1 செட், இத்தனை லட்சம்' என்று ஒரே வரியில் வந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த வரி இப்படி இருக்க வேண்டும்: கேபினெட் 18 மி.மீ. பிளைவுட், ஐஎஸ் 710 தரம் (தண்ணீர் தாங்கும் மரைன் பிளை). பின்பலகை 6 மி.மீ.; வெளியே 1 மி.மீ. லேமினேட், உள்ளே 0.8, ஷட்டர் (கேபினெட் கதவு) ஓரத்தில் 2 மி.மீ. எட்ஜ் பேண்ட், ஹிஞ்ச், சேனல் ஒவ்வொன்றுக்கும் பிராண்டும் மாடல் எண்ணும், அளவு முகப்புச் சதுர அடியிலா, ஓடும் அடியிலா (நீளத்தை மட்டும் அளக்கும் ரன்னிங் ஃபீட்) என்பது. காரணம், சிங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்டிதான் முதலில் கெடும். அங்கே ஈரப்பதம் மட்டும் தாங்கும் சாதா எம்ஆர் பிளை போட்டால் ஊறி உப்பி, ஹிஞ்ச் ஸ்க்ரூ கழன்றுவிடும். ஷீட்டில் அச்சிட்ட ஐஎஸ்ஐ முத்திரையை வெட்டும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேட் ஒட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

மேடைக் கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டாம், கிருஷ்ணகிரியே கிரானைட் ஊர். யார்டுக்கு டிசைனரோடு போய், தண்ணீர் தெளித்து நிறம் பாருங்கள், எல்லா ஸ்லாபும் ஒரே பிளாக்கில் அறுத்ததாக எடுங்கள். ஷட்டரைத் தாண்டி நீளும் மேடை ஓரத்தின் அடியில் சின்னக் காடி ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், ஷட்டருக்கு இறங்காது.

டிசைனர் கட்டணத்தை மொத்தச் செலவில் சதவீதமாகப் பேசாதீர்கள். செலவு ஏற ஏற அதுவும் ஏறும். சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது ஒரே தொகை. கடைக்காரரிடம் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். நேர்மையான டிசைனர் கோபித்துக்கொள்ள மாட்டார். பொருள்களுக்கான ஜிஎஸ்டி பில் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். 24 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கு உங்கள் வருமான வரி ஸ்லாப்படி வரி வரும். பில் இல்லாத செலவை ஆடிட்டரால் கழிக்க முடியாது.

பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளத்தின் சீலிங்கைப் பாருங்கள். அதற்கு முன் டைல்ஸ்காரரை உள்ளே விட வேண்டாம். தேக்கிய தண்ணீரையும், மூடும் முன் பைப், வயர் போன பாதையையும் சுவரில் டேப் வைத்துப் படம் எடுத்து ஒரு ஃபைலாகப் போடுங்கள். சாவியோடு வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டியது அந்த ஃபைல்.