சோபா வாங்கப் போகிறீர்களா? காய்கறித் தராசையும் எடுத்துக்கொள்ளுங்கள்

போன வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் சாம்பல் நிறத்தில் புத்தம்புது சோபா செட். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை இருக்கை இரண்டு. ஆடித் தள்ளுபடியில் 54,000 ரூபாய்க்கு வாங்கியது. தை பிறப்பதற்குள் நடு இருக்கையில் குழி விழுந்துவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாலே நூத்தி இருபது கிலோ தேற மாட்டோம் தம்பி. இது எப்படி அமுங்கும்?" என்றார்.

உறையின் ஜிப்பைத் திறந்து ஸ்பாஞ்சை உருவினேன். கைக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது. அவர் நம்ப வேண்டுமே என்பதற்காக அவர் மனைவியிடம் காய்கறித் தராசைக் கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தேன். 820 கிராம்.

"இது குறைஞ்சது ஒன்றரைக் கிலோ இருக்கணும் சார்."

"கடையில சோபாவைத் தூக்கிப் பாக்கச் சொன்னாங்களேப்பா. அவ்ளோ கனமா இருந்துச்சே!"

இந்த மாதத்தில் இதே வசனத்தைக் கேட்பது இது மூன்றாவது வீடு. மதுரையில் இருபத்திரண்டு வருடமாக சோபா செய்கிறேன், பழுதும் பார்க்கிறேன். பழுது வந்தால் எனக்கு வருமானம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் உழைத்த சோபாவைப் பிரிப்பது ஒரு வேலை. ஆறு மாத சோபாவைப் பிரிப்பது எழவு வீட்டுக்குப் போவது மாதிரி. ஆகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் 'கனமாக இருந்தால் நல்ல சாமான்' என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ வரும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை 700, 800 கிலோ வரும். ஈரம் காயாத பச்சை மரம் இன்னும் கனக்கும். தூக்கிப் பார்த்து வாங்கினால் பல சமயம் மட்டமானதைத்தான் வாங்குவீர்கள். எம்டிஎஃப் சுவர் அலமாரிக்குச் சரி. ஆள் உட்காருகிற சட்டத்துக்கு ஆகாது. திருகாணி பிடிக்காமல் நழுவும். நம் வீடுகளில் தினமும் தரை துடைப்போமே, அந்த ஈரம் காலில் ஏறினால் ஊறிப் பொரிந்துவிடும்.

எடை போட வேண்டியது ஸ்பாஞ்சை. அதை ஒருவரும் செய்வதில்லை. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "கெட்டியா இருக்கு, நல்ல ஸ்பாஞ்சுதான்" என்று தலையாட்டிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. ஒரு படி பொரியும் ஒரு படிதான், ஒரு படி அரிசியும் ஒரு படிதான். ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றா? 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமில், அதாவது ஸ்பாஞ்சில், 32 கிலோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். மிச்சமெல்லாம் காற்று. அது மெத்தென்று இருக்க வேண்டுமா, கெட்டியாக இருக்க வேண்டுமா என்பதைத் தொழிற்சாலையில் ரசாயனக் கலவையை வைத்துத் தனியாக முடிவு செய்கிறார்கள். 18 டென்சிட்டியிலும் கல்லு மாதிரி ஃபோம் செய்யலாம், 40 டென்சிட்டியிலும் பஞ்சு மாதிரி செய்யலாம். சரக்கு குறைந்த ஃபோம் கடையில் உங்கள் விரலை நன்றாகவே எதிர்த்து நிற்கும். வீட்டில் தினமும் நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தால் அதன் நுண்ணறைகள் நொறுங்கி, எழுந்த பிறகும் குழி அப்படியே நிற்கும். அப்பளம்கூடக் கெட்டியாகத்தான் இருக்கிறது. அதன்மேல் உட்காருவீர்களா?

கணக்கு எளிது. உறையைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்குங்கள். வருவதை 61,000 ஆல் வகுத்தால் கன மீட்டர். எடையை அதனால் வகுத்தால் டென்சிட்டி. 24-க்கு 24, உயரம் 5 அங்குலம் என்றால் 32 டென்சிட்டி ஸ்பாஞ்சு ஒன்றரைக் கிலோ நிற்க வேண்டும். 40 டென்சிட்டி 1.9 கிலோவை நெருங்கும். தலைமையாசிரியர் வீட்டு ஸ்பாஞ்சு இதே அளவுதான், அதன் கணக்கு 17 சொச்சம். கடையில் சொன்னது 40.

இதிலும் இரண்டு தில்லுமுல்லு உண்டு, சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புப் பொடியைக் கலந்து ஃபோமின் எடையை ஏற்றுவார்கள். அப்படிப்பட்டது விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும், கிள்ளினால் சட்டென்று பிய்ந்துவரும். இன்னொன்று, வெட்டுத் துண்டுகளை அரைத்து ஒட்டிய ரீபாண்டட். தராசில் ஏகமாக நிற்கும், ஆனால் பல நிறத் துணுக்குகள் கண்ணுக்கே தெரியும். திவானுக்கு அடியில் போடலாம். சோபா இருக்கை முழுக்க அதுவாகவே இருந்தால் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். திண்ணைக்கு எதற்கு ஐம்பதாயிரம்?

அடுத்தது மரம். "சாலிட் வுட் சார்" என்றால் நீங்கள் தேக்கு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. எம்டிஎஃப் மாதிரிப் பலகை இல்லை, மரம் என்று மட்டும்தான் சொன்னார். எந்த மரம் என்று கேளுங்கள். ரப்பர் மரம் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இருபத்தைந்து முப்பது வருடம் பால் எடுத்த பிறகு வெட்டும் மரம்தான் அது. மருந்தேற்றி, சூளையில் உலர்த்தியிருந்தால் வீட்டுக்குள் தாராளமாக உழைக்கும். மருந்தேற்றாததில் மாவுச்சத்துக்கு வண்டு வந்துவிடும். தரையில் கோலமாவு சிந்தினாற்போல் தூள் கிடந்தால் கதை முடிந்தது. தேக்கிலும் வைரம் பாய்ந்த பகுதிதான் தேக்கு. வெளிப்பக்கத்து வெள்ளையைக் கரையான் யோசிக்காமல் தின்னும். இள மரத்தில் வெள்ளைதான் அதிகம். அதற்குச் சாயம் பூசி பாலிஷ் போட்டுவிட்டால் முன்பக்கம் பார்த்து நானே ஏமாறுவேன். ஆகவே பின்பக்கம் பாருங்கள், அடியில் பாருங்கள்.

அடியில் கருப்புத் துணி அடித்திருப்பார்கள். ஓரத்தில் நாலு பின்னைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தோஷமாகக் காட்டுவார். மூலைகளில் குறுக்குக்கட்டை வைத்துப் பசையும் திருகாணியும் போட்டிருக்க வேண்டும்; வெறும் ஸ்டேப்ளர் பின் மட்டும் என்றால் கிளம்புங்கள். பழைய பேக்கிங் பெட்டி மரத்தில் ஏற்றுமதி முத்திரைகூட அழியாமல் இருந்த சோபாவை நான் பிரித்திருக்கிறேன். இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கோ எலாஸ்டிக் பெல்ட்டோ, உள்ளங்கையால் அழுத்தினால் உடனே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

மேல்துணி உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் சொல்வேன்: 'லெதர்' என்ற பெயரில் விற்பதில் முக்கால்வாசி துணிமேல் பூசிய பூச்சுதான். நம் புழுக்கத்துக்கும் தலையெண்ணெய்க்கும் அந்தப் பூச்சு சில வருடத்தில் செதில்செதிலாக உரியும். உரிந்ததை ஒட்டித் தரச் சொல்லி எனக்கு போன் செய்யாதீர்கள். ஒட்ட முடியாது.

பில் விஷயத்தில் கொஞ்சம் திட்டத்தான் வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியரின் பில்லில் இருந்தது 'சோபா செட் – 1' என்ற ஒரே வரி. என்ன மரம், எந்தப் பலகை, எத்தனை டென்சிட்டி என்று எழுதி வாங்குங்கள். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் '40 டென்சிட்டி' என்று வாயால் சொன்னதை எங்கே போய்க் காட்டுவீர்கள்? '5 வருட வாரண்டி' அட்டையையும் புரட்டிப் படியுங்கள். பெரும்பாலும் மரச்சட்டத்துக்கு மட்டும்தான் இருக்கும். ஸ்பாஞ்சுக்கும் துணிக்கும், அதாவது முதலில் கெடுகிறவற்றுக்கு, இருக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். பத்து நிமிடம் உட்காரவிட்டு, கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து பதினேழு பதினெட்டு அங்குல உயரம் இருந்தால் முட்டிவலிக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். இப்போது நாகரிகம் என்று வருகிற பதினான்கு அங்குல சோபாவில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, தினமும் கை கொடுத்துத் தூக்கிவிட நீங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை.

தலைமையாசிரியருக்கு 32 டென்சிட்டியில் எல்லா இருக்கைக்கும் ஸ்பாஞ்சு மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்றேன். சரி என்றார். வாசல் வரை வந்தவர், பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் 2,500 ரூபாய்க்குக் கொடுத்ததைச் சொன்னார். அவர் கல்யாணத்துக்கு மாமனார் செய்து கொடுத்தது, தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல். பின்னல் மட்டும்தான் அறுந்திருந்ததாம்.

"அது இப்போ எங்க இருக்கும்னு விசாரிக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். இரண்டு பழைய சாமான் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.